அந்தச் சின்னக் கதவை யார் திறந்து வைத்தது? நாவல் வழியாக உலக வரலாற்றுக்குள் போகலாமா?

பாதிவழிக்காரன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக வரலாற்றை ஒரு தடவையாவது முழுசாகப் படித்துவிட வேண்டும் என்று ஐந்தாறு வருடமாக ஆசை. ஆயிரம் பக்கப் புத்தகம் ஒன்றை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் சுமேரியர்களிடமே நின்றுவிட்டேன். ஊர், உருக், லகாஷ் என்ற நகரங்கள், அப்புறம் அக்காடியர், அப்புறம் மறுபடியும் அந்த ஊர் நகரம். பாபிலோன் அரசர் ஹம்முராபி வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. நான்காம் முறை புத்திசாலித்தனமாக ரோமிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தேன், அங்கே அப்பா, பிள்ளை, தத்துப்பிள்ளை எல்லோருக்கும் ஒரே பெயர்.

நிலைமை இப்படி இருக்க, போன மாதம் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியரிடம் வீழ்ந்ததைப் பற்றிய ஒரு வரலாற்று நாவல் கையில் கிடைத்தது. இரண்டே இரவில் முடித்தேன். துறைமுக வாயிலில் கட்டிய இரும்புச் சங்கிலி, அதைத் தாண்ட முடியாமல் சுல்தான் கப்பல்களைக் கரையில் ஏற்றி மேட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் தண்ணீரில் இறக்குவது, ராட்சத பீரங்கி, கடைசி இரவு. அதற்கெல்லாம் மேலாக, கெர்கோபோர்ட்டா என்ற ஒரு சின்னக் கதவு. காவல் காத்தவர்கள் வெளியே போய்த் தாக்கிவிட்டுத் திரும்பும்போது அதைத் தாழிட மறந்துவிடுகிறார்கள், அது வழியாக எதிரிகள் நுழைகிறார்கள், ஆயிரம் வருடத்துக்கும் மேல் நின்ற கிழக்கு ரோமானியப் பேரரசு அதோடு முடிகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இணையத்தில் தேடினால் அந்தக் கதவுக் கதையே சந்தேகத்துக்குரியது என்று போட்டிருக்கிறது. ஏமாந்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது என் கேள்வி: கதவு உண்மையா பொய்யா? அது பொய் என்றால் மற்றதில் எது உண்மை? பேரரசுகள், போர்கள், நாவல்கள் என்று இந்த வழியில் போனால் உலக வரலாறு தலையில் ஏறுமா, இல்லை தப்புத் தப்பாக ஏறிவிடுமா? எனக்கு இந்த வழி ஒன்றுதான் தூக்கம் வராமல் இருக்கிறது என்பதையும் கணக்கில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

மதில்மேல்பூனை:

முதலில் கதவு. அந்தக் கதையைச் சொல்பவர் தூக்காஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஒருவர்தான், அவர் முற்றுகையின்போது நகருக்குள் இல்லை, பின்னால் கேட்டறிந்து எழுதியவர். சுமார் ஐம்பது பேர் அந்த வாசல் வழியாக ஏறி வந்தார்கள் என்கிறார். உள்ளே இருந்து கண்ணால் பார்த்து எழுதியவர்கள் யாரும் அப்படி ஒரு கதவைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அதனால் நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நகரம் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லவே முடியாது. நாவலாசிரியர் ஏன் அதை எடுத்துக்கொண்டார் என்பது புரிகிறது, ஏழாயிரம் பேரால் அவ்வளவு நீள மதிலைக் காக்க முடியவில்லை என்பதைவிட ஒரு கதவு திறந்து கிடந்தது என்பது கதைக்கு எவ்வளவு வசதி.

ஏழாயிரம் என்று சும்மா சொல்லவில்லை. உள்ளே சண்டை போடக்கூடியவர்கள் கிட்டத்தட்ட அவ்வளவுதான், எதிரே பல மடங்கு பெரிய படை. ஏப்ரல் 6 முதல் மே 29 வரை இடிந்த மதிலை இரவில் மண்ணும் மரமும் பீப்பாயும் போட்டு அடைத்து, பகலில் மறுபடி இடிபட்டு, மறுபடி அடைத்து என்று நாட்கள் போயின. அந்த மதில் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் கட்டியது, வெடிமருந்து என்ற ஒன்றே இல்லாத காலம்.

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருகிறேன். கடைசி நாள் விடியலில் மதிலின் நடுப்பகுதியைக் காத்தவர் ஜெனோவாக்காரர் ஜோவான்னி ஜுஸ்தினியானி. எழுநூறு பேரோடு வந்தவர். சண்டையின் நடுவே அவர் இடத்தை விட்டுப் போகிறார், ஆட்கள் கலைகிறார்கள், வரிசை உடைகிறது. ஏன் போனார்? வெனிஸ்காரரான நிக்கோலோ பார்பரோ என்ற மருத்துவர் நகருக்குள் இருந்து நாள்வாரியாகக் குறிப்பு எழுதியிருக்கிறார், அவர் சொல்வது இந்த ஆள் பயந்து ஓடினான் என்று. மற்றவர்கள் படுகாயம் பட்டார் என்கிறார்கள். வெனிஸ், ஜெனோவா என்ற இரண்டு இத்தாலிய நகர அரசுகளுக்கும் பரம்பரைப் பகை என்பது தெரிந்தால் பார்பரோவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஜுஸ்தினியானி அடுத்த சில நாட்களில் கியோஸ் தீவில் இறந்தே போனார், பயந்தோடியவன் நடிப்புக்காகச் சாகிற வழக்கம் இல்லை.

இன்னொருவர் கிரிட்டோவுலோஸ், கிரேக்கர்தான், ஆனால் தன் நூலை சுல்தான் மெஹ்மதுக்கே சமர்ப்பித்தவர், வென்றவர் பக்கம் நின்று எழுதுகிறார். அப்புறம் ஸ்ஃப்ரான்ட்ஸெஸ், பேரரசரின் நெருங்கிய அதிகாரி, உள்ளே இருந்தவர். அவர் பெயரில் முற்றுகையைப் பற்றி விரிவான, உருக்கமான ஒரு நூல் நெடுநாள் உலவியது. அது அவர் எழுதியதே இல்லை, 16-ஆம் நூற்றாண்டில் மக்காரியோஸ் மெலிஸ்ஸெனோஸ் என்ற மதகுரு ஊதிப் பெருக்கியது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அவர் உண்மையாக எழுதியது ஒல்லியான குறிப்பு, முற்றுகையைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். நாவல்களில் வரும் பல உருக்கமான காட்சிகள் அந்தக் குண்டுப் புத்தகத்திலிருந்துதான் வருகின்றன. பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் எப்படி இறந்தார் என்பதற்கும் நம்பகமான நேரடி சாட்சி கிடையாது, ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஏமாந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கதவு பொய்யோ என்று சந்தேகப்பட்டுத் தேடினீர்கள் பாருங்கள், சுமேரியரை மூன்று தடவை படித்தபோது ஒரு தடவையாவது அப்படித் தேடினீர்களா?

நேர்கோடு:

எனக்கு நாவல் வழி ஒத்துவராது, வெளிப்படையாகவே சொல்கிறேன். முதலில் ஒரு சட்டகம் வேண்டும். யாருக்கு முன்னால் யார், யாரும் யாரும் ஒரே காலம் என்பது தெரியாமல் நடுவில் 1453-இல் குதித்தால், அந்த நகரத்தை 1204-இல் சிலுவைப்போர் வீரர்களே கொள்ளையடித்து அரைப்பிணமாக்கிவிட்டுப் போனார்கள் என்பது தெரியாமலே எல்லாப் பழியையும் துருக்கியர் தலையில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பீர்கள்.

சட்டகம் என்றால் ஆயிரம் பக்கம் என்று அர்த்தமில்லை. நேரு 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. தகவல்கள் பழசு, சில இடங்களில் ஆள் ரொம்பவே ஒரு பக்கம் சாய்கிறார், அதெல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு கடிதமும் சில பக்கங்கள்தான், சிறுமிக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறார், ஒரு நாட்டைச் சொல்லும்போதே அதே சமயம் சீனாவில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கிறார். அதைப் படித்துவிட்டு அப்புறம் எந்த நாவலுக்குள் வேண்டுமானாலும் போங்கள்.

பாதிவழிக்காரன்:

@மதில்மேல்பூனை சார், இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அந்தப் போலி நூல் விஷயம் தலையைச் சுற்றுகிறது. நாவலில் பேரரசர் கடைசியாகப் பேசும் நீண்ட பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போதுதான் ஊகிக்கிறேன்.

@நேர்கோடு நீங்கள் சொல்வதும் சரி, 1204 எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சட்டகம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பள்ளியில் படித்தது நினைவிருக்கிறதே: 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், கிழக்கு நாடுகளுக்கான தரைவழி அடைபட்டது, அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள், வாஸ்கோ ட காமா வந்தார். ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கிறதே.

மதில்மேல்பூனை:

அந்தக் கோடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் நிற்காது. போர்த்துகீசியர் வட ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டாவைப் பிடித்தது 1415, போஜதோர் முனையைத் தாண்டியது 1434. கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் 19 வருடம் இருக்கிறது, அதற்குள் அவர்கள் ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கத் தங்கமும் அவர்கள் கண்ணில் இருந்தது.

இன்னொன்று. மிளகு ஐரோப்பாவுக்குப் போன பெரிய பாதை செங்கடல், எகிப்து, அலெக்ஸாண்ட்ரியா, அங்கிருந்து வெனிஸ் கப்பல். எகிப்து மம்லூக் சுல்தான்களிடம் இருந்தது. உஸ்மானியர், அதாவது கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த அதே துருக்கியர், எகிப்தைப் பிடித்தது 1517-இல், அதாவது வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கி 19 வருடம் கழித்து. அடைக்கவே இல்லாத கதவு அடைபட்டதால் கடலில் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாதல்லவா. வெனிஸும் இடைத்தரகர்களும் எடுத்துக்கொண்ட லாபத்தைத் தாங்களே எடுக்கலாம் என்ற கணக்குதான் பெரிது. திறந்து கிடந்த கதவு சந்தேகம், மூடிக்கொண்ட கதவும் சந்தேகம், 1453-க்கும் கதவுகளுக்கும் என்னவோ ராசியில்லை.

பனிக்காலப் படைவீரன்:

நேர்கோடு நண்பருக்கு ஒரு மறுப்பு. நாவல் காலவரிசை சொல்லித் தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்துகொண்டிருக்கும்போது என்ன நடக்கிறது என்பது உள்ளே இருக்கிறவர்களுக்கே தெரியாது என்பதை நாவல் காட்டுகிற மாதிரி வரலாற்று நூல் காட்டாது. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ எடுத்துக்கொள்ளுங்கள், 1812-இல் நெப்போலியன் ரஷ்யாமேல் படையெடுத்ததைப் பற்றிய நாவல், அதில் போரோடினோ சண்டையில் போரைப் பற்றி ஒன்றுமே தெரியாத பியர் வெள்ளைத் தொப்பியோடு பீரங்கி மேட்டில் போய் நிற்கிறான். வீரர்கள் முதலில் எரிச்சலாகிறார்கள், அப்புறம் பழகிவிடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அவனைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் உயிரோடு இல்லை. டால்ஸ்டாய் 1812-க்குப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்தவர், ஆனால் கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர், எழுதும்போது 1867-இல் போரோடினோ மைதானத்தையே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். குண்டுச் சத்தத்தை அவர் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அதே சமயம் ரஷ்யத் தளபதி குத்தூசோவை எதையும் திட்டமிடாத ஞானிக் கிழவனாகவும் நெப்போலியனைத் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் நடிகனாகவும் காட்டியது அவர் கொள்கைக்காக, அதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம்.

நாவலைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தன் 88-ஆம் வயதில், 1869-இல், அந்தப் படையெடுப்பை ஒரே படமாக வரைந்தார். இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். படை போன பாதை ஒரு பட்டை, அதன் அகலம்தான் ஆள் எண்ணிக்கை, பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர். நீமென் ஆற்றைத் தாண்டும்போது 4,22,000 பேர், நாலு சென்டிமீட்டருக்கும் மேல் தடிமனான பட்டை. மாஸ்கோவில் 1,00,000. திரும்பி வந்து மறுபடி நீமென் கரையில் 10,000, ஒரு மெல்லிய கோடு. பெரெஸினா ஆற்றைக் கடக்கிற இடத்தில் 50,000 என்பது 28,000 ஆகிறது, பட்டை சட்டென்று பாதியாகிறது, கையால் மறைத்துவிட்டு மெதுவாக விலக்கிப் பாருங்கள்.

ரஷ்யக் குளிர்தான் நெப்போலியனைத் தோற்கடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் படத்தில் மாஸ்கோவுக்குப் போகும் பட்டையைப் பாருங்கள், போகும்போதே முக்கால்வாசி கரைந்துவிட்டது. அதில் ஒரு பங்கு வழியில் காவலுக்கும் பக்கவாட்டுக்கும் பிரித்து அனுப்பிய படை, மீதி ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை, கோடை வெயிலில், தீனியில்லாமல் செத்த குதிரைகள், பின்தங்கிய உணவு வண்டிகள், டைஃபஸ் காய்ச்சல், ஸ்மோலென்ஸ்க், போரோடினோ சண்டைகள். பனி விழ ஆரம்பித்தபோது அது ஏற்கெனவே நொந்துபோன படை. குளிர் மிச்சத்தை முடித்தது.

இதை யாரும் எனக்குப் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை, அளவுகோலை வைத்து அளந்து பார்த்துத்தான் தெரிந்தது.

எண்ணிப்பார்:

எண்ணிக்கை என்று ஆரம்பித்துவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியாது. போர் வழியாக வரலாறு படிக்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் எண்கள்தான்.

கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸ் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்த காலாட்படை மட்டும் 17 லட்சம் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், வேலைக்காரர்கள், கப்பல் ஆட்கள் எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல். எப்படி எண்ணினார்கள் என்றும் சொல்கிறார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பத்தாயிரம் பேரை எண்ணி நெருக்கி நிற்க வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அவர்களை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கோட்டின்மேல் தொப்புள் உயரத்துக்குச் சுவர் கட்டி, பிறகு அந்தப் பட்டிக்குள் ஆட்களைத் திரும்பத் திரும்ப நிரப்பி நிரப்பி எண்ணினார்களாம். 170 தடவை. கண்முன்னால் தெரிகிற மாதிரி சொல்லிவிட்டால் பொய்யும் நம்பகமாகிவிடுகிறது பாருங்கள்.

டெல்ப்ரூக் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் இதை நேராகக் கணக்குப் போட்டார். தன் காலத்து ஜெர்மன் படை வரிசையில் நடந்தால் எவ்வளவு நீளம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஹெரோடோட்டஸ் சொன்ன கூட்டம் அப்படி நடந்தால், முதல் ஆள் கிரேக்கத்தில் தெர்மோபிலே கணவாய்க்கு வந்து சேரும்போது கடைசி ஆள் டைக்ரிஸ் ஆற்றுக்கு அப்பால் பாரசீகத் தலைநகர் சூசாவை விட்டு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருப்பான். அத்தோடு அந்த எண்ணுக்கு மதிப்புப் போயிற்று, இன்று பொதுவாக ஒன்றிரண்டு லட்சம், அல்லது அதற்கும் கீழே என்றுதான் பேசுகிறார்கள்.

சீனாவில் இதற்கு நேர்மாறான ஒரு பொறி இருக்கிறது. 755-இல் ஆன் லுஷான் கலகம் வெடித்தது, தாங் பேரரசை உலுக்கிய உள்நாட்டுப் போர். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 5.29 கோடி பேர், 764-இல் எடுத்ததில் 1.69 கோடி. கழித்தால் 3.6 கோடி, உடனே ‘வரலாற்றின் மிகக் கொடிய போர்களில் ஒன்று’ என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். இரண்டு எண்ணுமே அரசு ஆவணத்திலிருந்துதான் வருகிறது, பொய் இல்லை. ஆனால் அது வரி போடுவதற்காகப் பதிவு செய்த ஆட்களின் எண்ணிக்கை. போரில் மாகாணங்கள் கையை விட்டுப் போயின, பதிவேடுகள் அழிந்தன, மக்கள் தெற்கே ஓடினார்கள், எண்ணுகிற அதிகாரியே இல்லை. செத்தவர்களும் ஏராளம்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்த வித்தியாசம் முழுவதும் பிணமில்லை, அதில் பெரும்பங்கு அரசாங்கத்தின் கண்ணிலிருந்து மறைந்தவர்கள்.

எனவே பாதிவழிக்காரரே, அடுத்த நாவலில் ‘பத்து லட்சம் வீரர்கள்’ என்று வந்தால் அவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று கேளுங்கள்.

சம்பளப் பட்டியல்:

தண்ணீரோடு நிறுத்தாதீர்கள், சம்பளம் யார் கொடுத்தது என்றும் கேளுங்கள். நான் பேரரசுகளைப் படிப்பதே அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். வாள், கொடி, முழக்கம் எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கஜானாவைப் பார்த்தால் பாதிக் கதை அங்கேயே இருக்கிறது.

உங்கள் நாவலிலேயே இருக்கும், அந்த ராட்சத பீரங்கியை வார்த்தவர் ஓர்பான், ஹங்கேரிக்காரர். அவர் முதலில் வேலை கேட்டுப் போனது பேரரசர் கான்ஸ்டன்டைனிடம். அங்கே பேசிய சம்பளமே குறைச்சல், அதுவும் ஒழுங்காக வரவில்லை. மெஹ்மதிடம் போனார், கேட்டதற்கு மேல் கிடைத்தது. மதிலைக் காத்திருக்க வேண்டிய கை மதிலை இடித்தது. (இதைச் சொல்பவரும் பூனையார் சொன்ன அதே தூக்காஸ்தான், எனவே அவரை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது.)

கையில் பணம் இருந்தாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு ஸ்பெயின். 1545-இல் ஆண்டீஸ் மலையில், இன்றைய பொலிவியாவில், பொட்டோசி வெள்ளிமலை கண்ணில் பட்டது. 1570-களில் பாதரசத்தை வைத்து வெள்ளி பிரிக்கும் முறை அங்கே வந்ததும் உற்பத்தி எகிறியது, சுரங்கத்தில் இறங்கியது மித்தா என்ற கட்டாய உழைப்பு முறையில் கிராமம் கிராமமாகப் பிடித்து அனுப்பிய பழங்குடி ஆட்கள். இவ்வளவு வெள்ளியும் வந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் பிலிப் மன்னர் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தார். வெள்ளி கப்பலில் ஏறும் முன்பே அது வட்டிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தது. 1576 நவம்பரில் ஆண்ட்வெர்ப் நகரத்தை ஸ்பானியப் படையினர் சூறையாடி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அது எதிரி நகரம்கூட அல்ல, தங்கள் மன்னருடைய நகரம். காரணம் நீண்ட நாள் சம்பளப் பாக்கி. அந்த நாளைப் பற்றி யாராவது ஒரு நல்ல நாவல் எழுதினால் போர் என்பது என்னவென்று ஒரே அத்தியாயத்தில் புரியும்.

அந்த வெள்ளி ஸ்பெயினுக்கு மட்டும் போகவில்லை என்பதுதான் உலக வரலாறு. 1571-இல் ஸ்பானியர் மணிலாவைத் தங்கள் பிலிப்பைன்ஸ் குடியேற்றத்தின் தலைநகராக்கினார்கள், மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி அங்கே போனது, சீன வணிகர்கள் பட்டும் பீங்கானும் கொடுத்து அதை வாங்கிப் போனார்கள், சீனாவின் மிங் அரசு அப்போது வரியை வெள்ளியாகவே வசூலிக்கத் தொடங்கியிருந்தது. ஆண்டீஸ் மலையில் ஒருவன் முதுகு ஒடிய வெட்டியது சீனாவில் ஒரு விவசாயி கட்டும் வரியாகிறது. சுமேரியரிலிருந்து வரிசையாக வந்திருந்தால் இந்த இணைப்பு வேறு வேறு அத்தியாயத்தில் சிதறிக் கிடந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது.

போர் இல்லாத நாளையும் கொஞ்சம் பாருங்கள். பிரிட்டனின் வடக்கே, ஹேட்ரியன் மதிலுக்குப் பக்கத்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. ஈர மண்ணில் மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் 1973 முதல் அங்கே கிடைத்துக்கொண்டிருக்கின்றன, சுமார் கி.பி. 100-ஐ ஒட்டியவை, மதில் கட்டத் தொடங்குவதற்கும் முந்தியவை. ஒருவர் இன்னொருவருக்குக் காலுறையும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக எழுதுகிறார். ஒரு படைத்தலைவர் தன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். கிளாடியா செவேரா என்ற பெண் செப்டம்பர் 11 தன் பிறந்தநாள், அவசியம் வர வேண்டும் என்று தோழி லெபிடினாவை அழைக்கிறாள், கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார், கடைசியில் நாலு வரி மட்டும் அவளே தன் கோணல்மாணல் கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. ரோமில் எல்லோருக்கும் ஒரே பெயர் என்று ஓடி வந்துவிட்டீர்களே, செவேராவிடமிருந்து மறுபடி தொடங்கிப் பாருங்கள்.

நேர்கோடு:

சரி, வெள்ளி விஷயத்தில் நான் தோற்றேன். சட்டகம் வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லையே, அதுவரைக்கும் சந்தோஷம். சுவரில் ஒரு நீளக் காகிதம் ஒட்டி நூற்றாண்டுகளுக்குக் கோடு போட்டு, படிக்கிறதை எல்லாம் அங்கே குறித்துக்கொண்டே வாருங்கள், நான் கேட்டது அவ்வளவுதான்.

மதில்மேல்பூனை:

ஒரு சின்னச் சேர்க்கை. அடுத்து எந்தப் பேரரசு என்று அலைய வேண்டாம், கொஞ்ச நாள் அதே நகரத்தில் இருங்கள். 537-இல் ஹாகியா சோஃபியா பேராலயத்தைக் கட்டி முடித்த பேரரசர் ஜஸ்டினியன் காலத்துக்குப் பின்னோக்கிப் போனால் புரோகோப்பியஸ் என்ற ஒரே ஆள் அந்தப் பேரரசரின் போர்களையும் கட்டடங்களையும் புகழ்ந்து நூல்கள் எழுதியிருக்கிறார், ரகசியமாக இன்னொரு நூலில் அதே பேரரசரை மனித உருவில் வந்த பேய் என்று திட்டித் தீர்த்திருக்கிறார். அந்த ரகசிய நூல் வத்திக்கான் நூலகத்தில் கிடைத்து அச்சானது 1623-இல். எந்தப் புரோகோப்பியஸை நம்புவது என்று இன்றுவரை சண்டை. உங்கள் ஒரு கதவை விட இது பெரிய வேடிக்கை.

பாதிவழிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சுவரில் காகிதம் ஒட்டிவிட்டேன், 1415, 1453, 1517 மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்க்கும்போது பள்ளிக்கூடப் பாடத்தின் மேல் கொஞ்சம் கோபம் வருகிறது.

பார்பரோவின் நாட்குறிப்பு ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது, இரண்டு நாளாக அதில்தான் இருக்கிறேன். ஜெனோவாக்காரர்களை அந்த மனிதர் விடாமல் திட்டுவது, பூனையார் முன்பே சொல்லியிருந்ததால் சிரிப்பாக இருந்தது. மே 22 அன்று ஒரு இடம் வருகிறது. அன்று முழுநிலவு வந்திருக்க வேண்டும், ஆனால் மூன்று நாள் பிறை போல உதித்தது, அப்படியே நாலு மணி நேரம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக முழுவட்டமானது, நகரத்தில் எல்லோருக்கும் நடுக்கம் என்கிறார். நாவலிலும் இந்தக் காட்சி இருந்தது, நான் அதை நாவலாசிரியர் சேர்த்த அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். சந்தேகம் வந்து பழைய கிரகணங்களின் பட்டியலில் தேடினேன். 1453 மே 22, பகுதிச் சந்திர கிரகணம், இருக்கிறது.

கதவை நம்பினேன், நிலவை நம்பவில்லை. சுமேரியர் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும், முதலில் புரோகோப்பியஸ்.